குறை சொல்லாத வாய்

மகள் தன் அப்பாவின் தாடையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். இடது கை விரல்கள் அவருடைய கன்னங்களில் இருபுறமும் பதிந்திருந்தன; வலது கையில் கரண்டி. "ஆ காட்டுங்கப்பா. ஒரே ஒரு வாய். ஆ..." என்று தன் வாயையும் சேர்த்துத் திறந்து காட்டினாள். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே செருகி வைக்கப்பட்டிருந்த அந்தக் கிழவருக்கு வாயைத் திறக்கும் உத்தேசமே இல்லை. விரல்களின் அழுத்தத்தில் உதடுகள் ஒரு நூல் விலகின. கரண்டி உள்ளே போனது. கஞ்சி போன வழியே திரும்பி வந்து, முகவாயில் இறங்கி, கழுத்தைச் சுற்றியிருந்த துண்டில் போய்ச் சேர்ந்தது.

"பாதி உள்ள போயிருச்சும்மா," என்றாள் மகள், கதவுப் பக்கம் திரும்பி.

கதவருகே நின்றிருந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகள், ஒரு வங்கிக் கிளைக்கே மேலாளர். எங்கே கையெழுத்துப் போடலாம், எங்கே போடக் கூடாது என்று ஊருக்கே சொல்லித் தருகிறவள். துண்டில் கிடப்பது பாதியா முழுசா என்று பார்க்கத் தெரியவில்லை. காலி கிண்ணத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புவதற்காகவே இவள் ஊட்டுகிறாள் என்பது அம்மாவின் முடிவு. வந்த நாளிலிருந்து வேளைக்கு ஒரு காலி கிண்ணம் போய்க்கொண்டிருந்தது. துண்டை ஒரு தடவைகூடப் போட்டோ எடுத்ததில்லை.

கிழவர் இருமினார். இருமல் என்றுகூடச் சொல்ல முடியாது. தொண்டைக்குள் ஏதோ கொப்பளித்தது. முகம் கருத்தது. அம்மா மகளை இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறி, அவரைத் தன் தோளில் சாய்த்து நிமிர்த்தி, முதுகைத் தட்டினாள். கொப்பளிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடங்கியதும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அறையோடு ஒட்டிய குளியலறையில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"என்னம்மா பண்ற? அதுல புரோட்டீன் பவுடர் கலந்திருக்கு."

"சாக்கடைக்குத் தெம்பு வரட்டும்."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனாள். கூடத்தில் அவள் அண்ணன் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். மருந்துக் கடை தாண்டி இடது பக்கம், பச்சை கேட், ஸ்ட்ரெச்சர் திரும்புற அளவுக்கு வாசல் இருக்கு. மத்தியானத்துக்குள் வண்டி வந்துவிடும். நர்சிங் ஹோமில் அறை தயாராக இருக்கிறது. அங்கே கொண்டுபோய் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, அந்தக் குழாயில் கஞ்சியை ஊற்றப் போகிறார்கள். வாயைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன. தான் உயிரோடு இருக்கும்வரை இதை நடக்க விடுவதில்லை என்று அம்மா நேற்றே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டிலில் கிடந்தவர் பாட்டில் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். பெல்ட்டில் வரிசையாக வரும் கண்ணாடி பாட்டில்களை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். குமிழி, கீறல், கோணல் கழுத்து எது இருந்தாலும் பக்கத்துத் தொட்டியில் வீச வேண்டும். அது உள்ளே விழுந்து உடையும் சத்தம் அவருக்குப் பிடிக்கும். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டம் வாங்கி வந்ததைப்போல வீட்டில் வந்து சொன்னார். அன்றைக்கே அவருடைய புத்தி எவ்வளவு என்று மனைவிக்குத் தெரிந்துபோயிற்று.

வேலை முடிந்ததும் அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. கல்யாணமான மறுநாளே ஆரம்பித்தார். உப்பு ஒரு கல் கூட. உப்பு ஒரு கல் கம்மி. காய் வேகவில்லை. காய் குழைந்துவிட்டது. சோறு நேற்றைய மாதிரி இல்லை. நேற்று சோறு எப்படி இருந்தது என்று கேட்டால், நேற்றும் சரியில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் ஒரு நாள்கூட அவர் தட்டை ஒதுக்கியதில்லை. குறை சொல்லிச் சொல்லியே வழித்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பார். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. 'அப்பா இன்னைக்கு பாஸ் பண்ணுவாரா பெயிலாக்குவாரா' என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பந்தயம் கட்டுவார்கள். பாஸ் என்று கட்டியவன் எப்போதும் தோற்றான். சமைத்தவளைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை.

ஆரம்பத்தில் அவள் அழுதாள். பிறகு பதிலுக்குப் பதில் பேசினாள். அதற்கும் பிறகு பேசுவதை விட்டுவிட்டு, மனதுக்குள் அவரை மதிப்பதை நிறுத்திக்கொண்டாள். அது அவளுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. அவர் வாயைத் திறந்தால் வானொலியில் ஏதோ ஓடுகிறது என்று விட்டுவிடலாம். இப்படியே காலம் ஓடியது. அவர் ஓய்வு பெற்று, பல் விழுந்து, உடம்பு வற்றி, ஊன்றுகோல் பிடித்த பிறகும் உப்பு மட்டும் சரியாகவில்லை.

பிறகு ஒரு நாள் மத்தியானம், அவர் மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை உதறினார்.

"நல்லா இருக்கு," என்றார். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது நிஜமா என்று இருந்தது. பிறகு, சொன்னால் வெட்கக்கேடு, அவள் சந்தோஷப்பட்டாள். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டு நர்சரி டீச்சரிடம் வேலை மெனக்கெட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு எழுபது வயதுப் பொம்பளை, ஒரு வார்த்தைக்காக இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு அலைந்ததை நினைத்தால் இப்போது தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாளும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த வேளை பருப்பில் வேண்டுமென்றே உப்பே போடாமல் வைத்தாள். நல்லா இருக்கு. ராத்திரி அதே பருப்பில் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்பை அள்ளிக் கொட்டினாள். அவர் ஒரு வாய் விழுங்கினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நல்லா இருக்கு. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

உடனே மகனுக்குப் போன் செய்தாள்.

"உங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லடா. கிளம்பி வா."

"என்னம்மா பண்ணுது?"

"சாப்பாடு நல்லா இருக்குங்கிறார்."

மறுமுனையில் அவன் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அட, நல்ல செய்திதானேம்மா. ஒரு வழியா பாஸ் பண்ணிட்டே," என்றான். மகளுக்குச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை; அதைவிட மோசமாக, அறிவுரை சொன்னாள். "வயசாகும்போது மனுஷங்க பக்குவப்படுவாங்கம்மா. அப்பா இத்தனை நாளைக்கு அப்புறம் பாராட்டறார். அதை ஏத்துக்கக்கூட உனக்கு மனசு வரமாட்டேங்குது பாரு." அண்ணனும் தங்கையும் இந்தக் கதையைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். 'பாராட்டினா டாக்டரக் கூப்பிடற ஒரே பொண்டாட்டி எங்கம்மாதான்.' அதைக் கேட்டவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நாட்கள் போயின.

மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். அவன் மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. டாக்டர்களின் வாசலில் பெட்டியோடு காத்திருந்து காத்திருந்து, தானும் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவனுக்கு நினைப்பு. வரும்போதே ஒரு பை நிறையச் சாம்பிள்: பசிக்கு ஒரு சிரப், தெம்புக்கு ஒரு டப்பா பவுடர், காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை. அப்பாவின் கக்கத்தில் தெர்மாமீட்டரைச் செருகி, அது கீச்சென்றதும் எடுத்து அம்மாவின் கண் முன்னால் நீட்டினான்.

"தொண்ணூத்தொன்பது. இதுக்குப் பேர் காய்ச்சலே இல்லம்மா."

"அவரு உடம்பு எப்பவும் சில்லுன்னு கிடக்கும்டா. மழைக் காலத்துல பக்கத்துல படுக்கவே முடியாது. இப்ப நீயே தொட்டுப் பாரு, சுடுது."

"மெஷின் பொய் சொல்லுமா, உன் கை பொய் சொல்லுமா?"

"நீதான் பொய் சொல்ற, மெஷினக் கையில வச்சுக்கிட்டு."

அவன் அதற்குக் கோபப்படவில்லை. படித்தவன் படிக்காதவளிடம் காட்டும் ஒரு பொறுமை இருக்கிறதே, அதைக் காட்டினான். சிரப் பாட்டிலைக் குலுக்கி எப்படிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்தான். "இது குடுத்தா கல்லையும் திம்பார்," என்றான். அப்பா கட்டிலிலிருந்து அவனைப் பார்த்து, "ஷிஃப்ட் வண்டி வந்துருச்சா?" என்று கேட்டார். மகனுக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது. "அப்பாவுக்கு இன்னும் வேலை ஞாபகம்," என்றான். சட்டைக்கு மேலே பனியனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

அவன் கார் தெருமுனை திரும்பியதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் கையோடு டாக்டரை அழைத்து வந்தாள். சின்ன வயசுப் பெண்தான் டாக்டர். முதுகில் குழாயை வைத்து ஒரே இடத்தில் நெடுநேரம் கேட்டாள். பிறகு காதிலிருந்து கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"நெஞ்சுல சளி இறங்கி இன்ஃபெக்‌ஷன் ஆயிருக்கும்மா. வயசானவங்களுக்குக் காய்ச்சல் எகிறிக்கிட்டு வராது. அவங்களுக்கு எப்பவும் இருக்கறதவிடக் கொஞ்சம் கூடினாலே காய்ச்சல்தான். சாப்பாடு வேண்டாங்கறதும், இப்படிக் குழம்பிப் பேசறதும் அதோட சேர்ந்ததுதான். இன்னும் கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேன். சிரிச்சாங்க," என்றாள் அவள்.

ஊசி போட்டார்கள். சூடு இறங்கியது. ஆனால் இறங்கியது சூடு மட்டும்தான்; அவர் ஏறி வரவில்லை. நாளுக்கு நாள் கட்டிலோடு கட்டிலாகச் சேர்ந்துகொண்டே போனார். மகள் லீவு போட்டுவிட்டு வந்து கரண்டியைக் கையில் எடுத்தாள். மகன் தினமும் வந்து கூடத்தில் உட்கார்ந்து போன் பேசினான். தெர்மாமீட்டரைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

நேற்று டாக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகள் இருவரையும் அம்மாவையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினாள். "விழுங்கற சக்தி போயிட்டிருக்கு. நிமிர்த்தி உக்கார வச்சு, கேட்டாருன்னா மட்டும் கொஞ்சமா குடுங்க. திணிக்காதீங்க, நெஞ்சுக்குள்ள போயிரும். வாய் காயாம ஈரப்படுத்திட்டே இருங்க, அதுதான் அவருக்கு இதமா இருக்கும்."

"மூக்குல டியூப் போடலாம்ல?" என்றான் மகன்.

"போடலாம். ஆனா இந்த நிலைமைல அதனால பெருசா நாள் கூடாது. அவரு புடுங்கிப் போடுவாரு, அப்புறம் கையக் கட்டி வைப்பாங்க. அவருக்கு எது வேணும்னு உங்களுக்குத்தான் தெரியும். பேசி முடிவு பண்ணுங்க."

பேசினார்கள். அதாவது பிள்ளைகள் இருவரும் பேசினார்கள். மகனுக்குத் தெரிந்த நர்சிங் ஹோம் ஒன்று இருந்தது. அவன் விற்கும் மருந்துகளை வாங்குகிற இடம். அம்மா முடியாது என்றாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கு நாலு பேர் என்னம்மா சொல்வாங்க? சோறு தண்ணி குடுக்காம கொன்னுட்டாங்கன்னு சொல்வாங்க."

"அந்த நாலு பேரக் கூட்டிட்டு வா. நானும் அவங்கள ஒரு தடவையாவது பார்த்துக்கறேன்."

"விளையாடாத. பட்டினி போட்டு அனுப்பச் சொல்றியா அப்பாவ?"

"வாய மூடிக்கிட்டுக் கிடக்கறவரு என்ன சொல்றார்னு உனக்குப் புரியலயா? வாழ்க்கைல ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லாத மனுஷன் வேண்டாங்கறார்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மகன் எழுந்து போய் நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தான்.

இன்று வண்டி வருகிறது. மகள் கூடத்தில் ஒரு பையில் அப்பாவின் லுங்கியையும் சோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா காலி கிண்ணத்தைக் குளியலறையிலேயே வைத்துவிட்டு வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு போய்க் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது இதைச் செய்திருக்கலாம்.

"அம்மா? கதவ ஏன் சாத்தின?" மகளின் குரல்.

அம்மா நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"பார்த்தீங்களா நீங்க பெத்த லட்சணத்த," என்றாள் அவரிடம். "ஒருத்தி வாயக் கிழிக்கிறா. ஒருத்தன் மூக்கக் கிழிக்கப் போறான். உங்களுக்கு நல்லா வேணும். தட்டுல குறை பார்த்த கண்ணால பிள்ளைங்கள ஒரு நாள் பார்த்திருக்கலாமில்ல?"

கண்கள் மூடியிருந்தன. மூச்சு வாய் வழியாகப் போய் வந்தது. உதடுகள் காய்ந்து தோல் உரிந்திருந்தன. கட்டிலோரம் இருந்த தண்ணீர்ச் சொம்பு காலி. காய்ச்சி ஆறிய தண்ணீர் சமையலறையில் இருக்கிறது. அதற்குக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். அவள் குளியலறைக் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்து வந்தாள். பஞ்சை நனைத்துப் பிழிந்து அவர் உதட்டில் ஒற்றினாள். பிறகு உள்ளே நாக்கில்.

நாக்கு அசைந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. அவள் பஞ்சோடு அப்படியே நின்றாள். அந்தச் சுருக்கத்தை அவளுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் தட்டுகளுக்கு மேலே அதைப் பார்த்திருக்கிறாள்.

அவர் கண்ணைத் திறந்தார். ஏதோ சொன்னார். காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"...துரு நாத்தம்."

"என்ன?"

"தண்ணி. துரு. டேங்க்... கழுவல."

அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், வேறு என்னவென்று சொல்ல. கரண்டியைக் கீழே வைத்த அந்த ராத்திரியிலிருந்து நெஞ்சில் கட்டியாக இருந்தது சட்டென்று இளகியது. ஆளை விட்டுவிட்டு எங்கேயோ போயிருந்த மனிதர், தன் எல்லாக் கேவலங்களோடும் திரும்பி வந்து கட்டிலில் கிடந்தார்.

"வாயில ஒரு சொட்டு இறங்கல. டேங்க் நாத்தம் மட்டும் தெரியுதாக்கும்?"

"தெரியுது," என்றார் அவர். குரலில் ஜீவனில்லை; தோரணை இருந்தது.

"அடுக்கள தண்ணி கொண்டாரட்டுமா?"

இமைகள் ஒரு முறை இறங்கி ஏறின. பிறகு கண்களை அவள் கையிலிருந்த டம்ளரின் மேலேயே வைத்துக்கொண்டார்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது, இந்த முறை மகன். "அம்மா, கதவத் திற. ஆள் வந்தாச்சு. அசிங்கமா இருக்கு." அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம், இவர்கள் உடைக்கிற ஜாதி இல்லை, தாழ்ப்பாளுக்கு ஆகும் செலவை யோசிப்பார்கள். ஆனால் இந்த மனிதர் எதையாவது வேண்டும் என்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று. டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

கதவைத் திறந்தபோது கூடத்தில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"யாரும் உள்ள போகாதீங்க. அவருக்குத் தண்ணி சரியில்லையாம். மாத்திக் கொண்டாரேன்."

"பேசறாரா?" மகனின் முகம் மலர்ந்தது. "பார்த்தியா, தெம்பு வந்திருக்கு. இதுதான் சரியான நேரம்."

இவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது. அவள் சமையலறைக்குப் போனாள். டம்ளர் ஒன்றை எடுத்துக் கழுவினாள். குழாய்த் தண்ணீரில் கழுவியதால் வாசனை ஒட்டியிருக்குமோ என்று மறுபடி காய்ச்சிய தண்ணீரில் அலசினாள். ஆறிய தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றினாள். பாத்திரத்தின் அடியில் கிடக்கும் வண்டல் கலங்கி வந்துவிடக் கூடாது. திரும்பி வரும்போது ஸ்ட்ரெச்சரின் சக்கரம் அறைக்குள் உருளும் சத்தம் கேட்டது. அவளால் ஓட முடியாது, வேகமாக நடந்தாள்.

ஆட்கள் இருவரும் தோளையும் காலையும் பிடித்து அவரைக் கட்டிலிலிருந்து தூக்கியிருந்தார்கள். மகன் தலைமாட்டில் நின்று, "பார்த்து, பார்த்து," என்று இயக்கிக்கொண்டிருந்தான். மகள் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"அண்ணா," என்றாள் மகள். "அண்ணா, இறக்கச் சொல்லு."

"என்ன?"

"இறக்கச் சொல்லு. கை... எனக்குத் தெரியல. இறக்கச் சொல்லு."

இறக்கினார்கள். அம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதுப் பஞ்சு எடுத்தாள். நல்ல தண்ணீரில் நனைத்தாள். உதட்டில் வைத்துப் பிழிந்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாயில் தேங்கி நின்று, காதுப் பக்கமாக வழிந்தது. நெற்றியில் சுருக்கம் எதுவும் இல்லை. அவள் இன்னொரு முறை நனைத்தாள். மகள் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். இந்த முறை அவள் பாதி உள்ளே போனது என்று சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடு கொள்ளாத கூட்டம். மகன் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்: "நேத்து வரைக்கும் நல்லா சாப்பிட்டார். எந்தக் குறையும் வைக்கல." பாட்டில் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர் ஒருவர், "கடைசி காலத்துல ரிஜெக்ட் சார் ரொம்ப மாறிட்டாராமே, வீட்ல பாராட்டாத நாளே இல்லையாமே," என்று உருகினார். குடுத்து வைத்த சாவு என்று ஒருத்தி. மகனும் மகளும் தாங்கினார்கள் என்று இன்னொருத்தி. நர்சரி டீச்சர் அவள் தோளை அணைத்து, "பாராட்டிட்டுப் போயிருக்கார், அது போதும் உங்களுக்கு," என்றாள். இத்தனை முட்டாள்களை ஒரே கூரைக்கு அடியில் அவள் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை என்பதையும் இரண்டு பேர் கவனித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

வெயில் தாழ்ந்தபோது அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்தாள். மகள் ஒரு தட்டில் எதையோ போட்டுக்கொண்டு வந்து, "ஒரு வாய் சாப்பிடும்மா, காலைல இருந்து ஒண்ணுமே சாப்பிடல," என்று கரண்டியை நீட்டினாள்.

"அதக் கீழ வை," என்றாள் அவள்.

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கப் படியேறினாள். மாடிக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சிமெண்டுத் தொட்டியின் இரும்பு மூடியை இரண்டு கையாலும் நகர்த்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பக்கச் சுவரெல்லாம் செம்பழுப்பு. குழாய் நுழையும் இடத்தில் துரு பக்குப் பக்காக உரிந்து தொங்கியது. அடியில் ஒரு கை ஆழத்துக்குச் சேறு. வருஷக்கணக்கில் யாரும் இதைத் தொட்டதில்லை. அவள் உட்பட.

தொட்டிக்கு அடியில் இருந்த வால்வு திருகவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டித் திருகினாள். பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வந்து அவள் காலை நனைத்து, தளம் முழுக்கப் பரவி ஓடியது. மாடி மூலையில் கிடந்த கட்டைத் துடைப்பத்தை உள்ளே விட்டு, எட்டியவரைக்கும் தேய்த்தாள்.

கீழே யாரோ குழாயைத் திறந்தார்கள். மூடினார்கள். மறுபடி திறந்தார்கள். போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கொல்லையில் பேச்சுச் சத்தம். "அம்மா எங்க?" என்றது மகனின் குரல். "தண்ணி வரலயே. இவ்வளவு பேர் கை கால் கழுவணும். யாரு மோட்டார நிறுத்தினது?"

பழுப்பு மெல்ல வெளுத்தது. அவள் குனிந்து ஒரு கை பிடித்து வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் தளத்தில் துப்பினாள்.

இன்னும் போகவில்லை. வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டு, துடைப்பத்தை மறுபடி உள்ளே விட்டாள்.